பழைய வீட்டைப் பழுது பார்க்கும் வரிசை: எதை முதலில் தொட வேண்டும், எதைக் கடைசிவரை தொடக் கூடாது

பழைய குடும்ப வீட்டைச் சரிசெய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது பெயிண்ட் கம்பெனியின் வண்ண அட்டையைத்தான். அடுத்து டைல்ஸ், அதற்கடுத்து சமையலறை அலமாரி. இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் மறுபடி பொரிந்து உதிரும்போது கொத்தனாரைத் திட்டுகிறார்கள். பல நேரங்களில் கொத்தனார் மீது தவறே இருக்காது. வேலையின் வரிசை தவறியிருக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். புதுப் பூச்சு பூசி முடித்த சுவரை வயரிங்குக்காக மறுபடி வெட்டினேன். அந்த வயரிங்கைக் கூரை ஒழுகல் நனைத்தது. ஒரே சுவருக்கு மூன்று முறை செலவு. அதற்குப் பிறகு உறவினர்கள், நண்பர்கள் வீட்டு வேலைகளைக் கூடவே நின்று பார்த்தபோது, எல்லோரும் இடறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் என்று தெரிந்தது. கீழே உள்ள வரிசை அதிலிருந்து வந்தது.

1. கை வைப்பதற்கு முன்

வீடு யார் பெயரில் இருக்கிறது, வேறு யாருக்குப் பங்கு உண்டு என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பங்கு உள்ள எல்லோரிடமும் என்ன செய்யப்போகிறோம், செலவு யாருடையது, அது பின்னால் எப்படிக் கணக்கில் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதி இடித்த வீட்டில் சண்டை வந்து வேலை நின்றால், திறந்து கிடக்கும் கூரையும் சுவரும் பூட்டிக் கிடந்ததைவிட வேகமாகக் கெடும்.

உள்ளாட்சி அனுமதி எந்தெந்த வேலைக்குத் தேவை என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பூச்சுக்கும் வண்ணத்துக்கும் தேவைப்படாத இடங்களில்கூட, கூரை மாற்றவும் சுவர் இடிக்கவும் கேட்பார்கள்.

அடுத்து, வீட்டைக் காலி செய்யுங்கள். அறையின் நடுவில் சாமான்களைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். சாமான்களை எடுத்த பிறகு ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, ஒரு நோட்டில் அறைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

2. ஒரு மழையையாவது வீட்டுக்குள் இருந்து பாருங்கள்

வெயில் காலத்தில் பழைய வீடு எதையும் காட்டிக்கொடுக்காது. பெருமழையின்போது உள்ளே நடந்து, எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவர் நிறம் மாறுகிறது, வெளியே எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் கைமரத்தின் (ஓட்டுக் கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தின்) வழியாகவோ தளத்தின் அடியிலோ பல அடி தூரம் ஓடிவந்து, வசதியான இடத்தில் சொட்டும்.

சுவரில் ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் பட்டையாக நின்று, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து இறங்கும் கறை என்றால் கூரையையும் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். நடுச்சுவரில் வட்டமாக ஒரு திட்டு இருந்தால் உள்ளே குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள்.

குழாய்தானா என்று அறிய எளிய வழி உண்டு. வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் கோடு போட்டுக் காலையில் பார்க்கலாம்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்ற சந்தேகம் வந்தால், ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்தால் காற்றோட்டம் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மரங்களைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உத்திரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் போகும் தலைப்புதான் ஈரத்தில் உளுத்திருக்கும். கான்கிரீட் தளமாக இருந்தால் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கே உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

3. விரிசலுக்குத் தேதி போடுங்கள்

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் இருக்கும் முடியளவு கீறல்களை விட்டுவிடலாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் இடுக்கு வழியே படிக்கட்டு போல ஏறுவது, வெளியிலும் உள்ளேயும் ஒரே இடத்தில் தெரிவது, ஒரு முனையில் அகன்றும் மறு முனையில் ஒடுங்கியும் இருப்பது ஆகியவை அஸ்திவாரம் ஓரிடத்தில் இறங்கியதைக் காட்டக்கூடியவை.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து இடைத்தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால், இது பழைய விரிசலா, இன்னும் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். களிமண் நிலத்தில் மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கும். அங்கே ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

நகராத விரிசலைத் தைத்து மூடலாம். நகரும் விரிசலை மூடினால் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும். அப்போது காரணத்தைத் தேட வேண்டும்: உடைந்த வடிகால், அருகே வேர்விட்ட பெரிய மரம், கூரைத் தண்ணீர் அடிச்சுவரிலேயே கொட்டுவது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசல், வெளியே சாய்ந்த சுவர், தொய்ந்த தளம் மூன்றில் எது இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்த பிறகுதான் அடுத்த அடி. கொத்தனாரின் அனுபவம் பெரியதுதான். ஆனால் சுமைக் கணக்கு வேறு வேலை.

4. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பூச்சைத் தட்டியதும் வெளிவரும் அதிர்ச்சிகளுக்கு அது. மிச்சத்தில் முதல் பங்கு கூரைக்கும் கட்டுமானத்துக்கும், இரண்டாவது மின்சாரத்துக்கும் குழாய்க்கும், கடைசிப் பங்கு கண்ணில் படுகிறவற்றுக்கு. பணம் குறைந்தால் வெட்டு விழ வேண்டியது கடைசிப் பங்கில்தான். டைல்ஸை அடுத்த ஆண்டு போடலாம். ஒழுகும் கூரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது.

வேலையாட்களுக்குப் பணம் வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துப் போகட்டும், நாளைப் பார்த்து அல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை வையுங்கள். கீழே அந்தச் சோதனைகளைச் சொல்லியிருக்கிறேன்.

5. தண்ணீரை நிறுத்துங்கள்

பழைய வீட்டின் முக்கால்வாசி நோய்க்குத் தண்ணீர்தான் வேர். உப்பு, உளுப்பு, கரையான், துரு, பூச்சு உதிர்வது எல்லாம் அதன் கிளைகள். அதனால் மேலிருந்து கீழே வாருங்கள்.

ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளைவிட அதிகம் ஒழுகுவது முகடும், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயும்தான். ஓடுகளைக் கழற்றி, ரீப்பர்களையும் (ஓடுகள் உட்காரும் குறுக்குச் சட்டங்கள்) கைமரங்களையும் பார்த்து, கெட்டதை மாற்றி, நல்ல ஓடுகளையே திரும்ப அடுக்கலாம். ஒரே நாளில் கூரை முழுவதையும் திறந்துவிடாதீர்கள். மாலைக்குள் மூட முடிகிற அளவு மட்டும் பிரியுங்கள்.

ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாமே என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 4 அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. 10-க்கு 10 அடி அறை ஒன்றின் தளம் மட்டுமே சுமார் 2,300 கிலோ. இலகுவான கூரைக்காகக் கட்டிய சுண்ணாம்பு அல்லது மண் கலவைச் சுவர் இதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் எழுதிக்கொடுக்காமல் செய்யவே கூடாது.

தட்டைத் தளத்தில் தண்ணீர் ஓட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள். 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை செங்கோணமாக இருந்தால் அங்கே வெடிக்கும். கலவையால் வளைத்து மூடி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் அரை அடியாவது ஏற்றுங்கள். சோதனை: தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே பாருங்கள். பழைய தளம் தொய்ந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீருக்கும் எடை உண்டு.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு போட்ட கூரை இருந்தால் அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வரக்கூடியது. பயிற்சி உள்ளவர்களைக் கொண்டு, நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

இனி நிலம். பல பழைய வீடுகளில் ஓதத்துக்குக் காரணம், ஆண்டுக்கணக்கில் வெளியே மண் கொட்டி, சிமென்ட் போட்டு, வெளித்தரை உள்தரைக்குச் சமமாகவோ மேலாகவோ ஏறியிருப்பது. சுவரை ஒட்டி மண்ணை வெட்டி, உள்தரைக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். ஓதத்துக்கு ரசாயன ஊசி போடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். மண்வெட்டி வேலையிலேயே தீர்ந்த ஓதங்களைப் பார்த்திருக்கிறேன்.

6. எலும்பு வேலை

உத்திரத்தை மாற்றுவதற்கு முன் முட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, முட்டுக்கம்பத்தை வெறும் தரையில் நிறுத்துவது. அது குத்திக்கொண்டு இறங்கும். அடியிலும் மேலும் கனமான பலகை வேண்டும். மாடித் தளத்துக்கு முட்டு என்றால், கீழ்த்தளத்திலும் அதே நேர்க்கோட்டில் முட்டு வைத்து, சுமையை மண்வரை கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, தொய்ந்ததை நிமிர்த்துவதாக ஜாக்கி வைத்து ஒரேயடியாகத் தூக்குவது. பல பத்தாண்டுகளில் தொய்ந்த மரம் அது. சுமையைத் தாங்கினால் போதும். தூக்கினால் மேலே இருக்கும் சுவர் வெடிக்கும்.

தலைப்பு மட்டும் உளுத்திருந்தால் முழு உத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டாம். கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, அதே வகை மரத்தைச் சாய்வு இணைப்பில் சேர்த்து போல்ட் போடலாம். திரும்பச் சுவருக்குள் வைக்கும்போது தலைப்பைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இடைவெளி விடுங்கள். சிமென்ட் வைத்து இறுக்கினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுபடி உளுக்கும்.

துருப்பிடித்த கான்கிரீட்டுக்கு மேலே சிமென்ட் அப்பி மூடுவது வேலையே அல்ல. கம்பியின் பின்பக்கம் வரை உளியால் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, அதன் பிறகே பழுதுபார்ப்புக் கலவை.

அறையைப் பெரிதாக்கச் சுவரை எடுக்கும் ஆசை வரும். செங்கல் சுவர் வீட்டில் பெரும்பாலான சுவர்கள் சுமை தாங்குபவை. மேலே உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செங்கல்லையும் உருவாதீர்கள்.

7. கரையான்

புழுதிக் குழாய் போல மண்கோடு சுவரில் ஏறியிருந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. மருந்து அடிப்பது இந்தக் கட்டத்தில்தான், அதாவது தரையும் பூச்சும் போடுவதற்கு முன். தரை போட்ட பிறகு மருந்து என்றால் புது டைல்ஸில் துளை விழும்.

8. வயரும் குழாயும்

முதலில் எந்த அறையில் கட்டில், மேசை, குளிர்பதனப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எங்கே என்று தரையில் சாக்பீஸால் வரையுங்கள். அதன் பிறகு ஸ்விட்ச் பெட்டிகளுக்கு இடம். இந்த வரிசை மாறினால் பாதி ப்ளக் பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

சுவரில் அடித்த மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய ரப்பர் உறை வயரின் உறை காய்ந்து நொறுங்கும். பகுதி பகுதியாக மாற்றாமல் மொத்தமாக எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டுக்கு எர்த் குழி முதல் வேலை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக வேண்டும். மின்கசிவு வந்த கணமே அது இணைப்பைத் துண்டிக்கும். வெந்நீர் இயந்திரம், ஏசி போன்றவற்றுக்குத் தனித்தனி லைன். இதையெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

சுவரில் காடி (வயரும் குழாயும் பதிக்கும் பள்ளம்) எடுக்கும்போது அளவு முக்கியம். நேர்க்குத்தாகப் போகும் காடி சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. கிடையாகப் போவது ஆறில் ஒரு பங்கு. 9 அங்குலச் சுவரில் நீளமாகக் கிடைக்காடி வெட்டினால் சுவரை நடுவில் அறுத்ததற்குச் சமம். முடிந்தவரை மேலிருந்து நேராக இறக்குங்கள்.

பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். வெளியே நன்றாகத் தெரிவதை நம்பாமல் மாற்றிவிடுங்கள். கழிவுக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் அளவில் சரிவு கொடுங்கள். சோதனை: காடியை மூடுவதற்கு முன் குழாயில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கினால் எங்கோ கசிவு.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் வீட்டையே காப்பாற்றும்.

9. பூச்சு: அதிகம் தவறு நடக்கும் இடம்

உங்கள் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று தெரியாமல் பூச வேண்டாம். செங்கல் இடுக்கிலிருந்து கொஞ்சம் கலவையைச் சுரண்டி எடுங்கள். வெளிறி, விரலால் நொறுங்கினால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, உளிக்கே அசையாமல் இருந்தால் சிமென்ட்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே விட்டு வாழ்கிற சுவர். அதன் மேல் அடர்த்தியான சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர முடியாது. சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் உப்பு படிந்து, செங்கல்லே பொடியும். சில ஆண்டுகளில் பூச்சு பாளமாகக் கழன்று விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். இதில் நான் சமரசம் செய்துகொள்ளவே மாட்டேன்.

முதலில் தளர்ந்த பூச்சை மட்டும் தட்டி எடுங்கள். ஓதமான பகுதியில் உப்புக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடிவரை எடுத்துவிடுங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, தூசியைத் தட்டி, சுவரை உலர விடுங்கள். ஈரம் ஊறிய சுவர் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும் என்பது பழகிய கணக்கு. அதாவது 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள், ஓதம் இல்லாத அறைகளை முதலில் முடித்துவிட்டு இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள்.

சுண்ணாம்பைச் சுட்ட கல்லாக வாங்கினால் நீற்றும்போது கவனம். கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாதவரைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணலில் உப்போ சேறோ இருக்கக் கூடாது. சுவரை முந்தின நாள் மாலையும் பூசும் முன்னும் நனைத்து, ஒரு வரைக்கு (ஒரு முறை பூசும் அடுக்குக்கு) அரை அங்குலத்துக்குள் பூசுங்கள். தடிமனாக அப்பினால் வெடிக்கும். முதல் வரையைக் கீறிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் பதியாத, ஆனால் நகத்தால் கீறினால் கீறல் விழுகிற பதம் வந்ததும் அடுத்த வரை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு லேசான ஈரமும் வேண்டும். வெயில் நேரே படும் சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளியுங்கள்.

10. தரையும் கதவும்

பழைய தரைக்கு மேலேயே புதுத் தரை ஒட்டினால் உயரம் கூடும். கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், முதல் படிக்கட்டு மட்டும் உயரம் குறைந்து கால் இடறும். ஒரு மூலையில் சிறிதாகத் திறந்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மெருகு போட்டால் போதும் என்கிற தரைகள் எத்தனையோ உடைபட்டுப் போயிருக்கின்றன.

குளியலறையில் டைல்ஸுக்கு முன் நீர்த்தடுப்பு, அதன் பின் தண்ணீர் கட்டி இரண்டு நாள் சோதனை.

கதவு, ஜன்னல்களைக் கழற்றும்போது சட்டத்திலும் பலகையிலும் ஒரே எண்ணைச் செதுக்கிவிடுங்கள். பழைய சட்டங்கள் சரியான செவ்வகமாக இருக்காது. மாறினால் எதுவும் மூடாது.

11. வண்ணம்

பழைய வண்ணத்தைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தீயால் சுட்டும் உரிக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேயுங்கள், முகமூடி அணியுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கே விடாதீர்கள்.

சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண். சுண்ணாம்புக் கரைசலோ, காற்று புகும் சிலிகேட் வண்ணமோதான் பொருந்தும். கரைசல் பால் போல மெல்லியதாக இருக்கட்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெள்ளை ஏறும். கெட்டியாக ஒரே முறை அடித்தால் கையில் ஒட்டிக்கொண்டு உதிரும். நான்கைந்து முறை மெல்லியதாக அடியுங்கள், ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு.

ஓதம் இருந்த சுவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு மழைக்காலம் பொறுங்கள். அதுவரை பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். மழை வலுக்கும் நாளில் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு, முன்பு குறித்த ஒவ்வொரு இடத்தையும் கையால் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள்.